முழங்கால் சவ்வுக் கிழிவு: காரணங்களும் விளைவுகளும்

ஏர் மாட்டின் காலில் நொண்டல் கண்டால் அன்றே ஏரை அவிழ்த்து விடுகிறோம். குளம்பைத் தூக்கிப் பார்க்கிறோம். மறுநாள் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்கிறோம். ஆனால் ஏர் பிடிக்கிறவருடைய முழங்காலில் வலி கண்டால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் கொல்லைக்குப் போய்விடுகிறோம். சிறு விவசாயிக்கு நிலத்துக்கும் நீருக்கும் அடுத்த முதலீடு அவருடைய உடல் உழைப்பே ஆகும். அந்த உழைப்பைத் தாங்குவது முழங்கால். அதனுள் இருக்கும் சவ்வு கிழிந்துவிட்டால் உட்காரவும் எழவும் சுமை தூக்கவும் முடியாமல் போகிறது.

கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையில் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள குருபரப்பள்ளி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். மா, கேழ்வரகு, நிலக்கடலை, தக்காளி, கறவை மாடு ஆகியவை இங்குள்ள குடும்பங்களின் வாழ்வாதாரம். சிப்காட் தொழிற்பூங்கா வந்தபின், இரவு ஷிப்டில் நின்றே வேலை பார்த்துவிட்டு, காலையில் கொல்லையிலும் இறங்கி உழைப்பவர்கள் உண்டு. மாட்டுப் பொங்கலை ஒட்டி வரும் எருது விடும் விழாவில் ஓடும் இளைஞர்களும் உண்டு. இவர்கள் எல்லோருடைய முழங்காலுக்கும் ஆபத்து உண்டு. ஆனால் அது ஒரே விதமான ஆபத்தன்று. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் தேவையற்ற செலவையும் தவிர்க்கலாம். தாமதத்தால் வரும் ஊனத்தையும் தவிர்க்கலாம்.

சவ்வு என்பது யாது?

முழங்காலில் மேலே தொடை எலும்பும் கீழே கீழ்க்கால் எலும்பும் சந்திக்கின்றன. மேல் எலும்பின் நுனி உருண்டை. கீழ் எலும்பின் தலை ஏறக்குறையத் தட்டை. உருண்டையும் தட்டையும் பொருந்தாதல்லவா? அந்த இடைவெளியை நிரப்ப, பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புத் தகடுகள் அமைந்துள்ளன. உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. இவற்றைப் பிறைச் சவ்வு என்று சொல்லலாம். நம் ஊர்களில் இதை 'ஜவ்வு' என்பார்கள். மூட்டை இழுத்துக் கட்டும் நார்களையும் மக்கள் 'ஜவ்வு' என்றே சொல்வதால், 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று டாக்டர் சொன்னால் 'எந்த ஜவ்வு?' என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

வண்டிச் சக்கரத்தின் குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே உள்ள புஷ் எப்படித் தேய்மானத்தைத் தான் ஏற்றுக்கொண்டு அச்சைக் காக்கிறதோ, அதேபோல் இந்தச் சவ்வு எலும்பைக் காக்கிறது. கால் நேராக இருக்கும்போது மூட்டில் இறங்கும் பாரத்தில் சுமார் பாதியை இது தாங்குகிறது. கால் 90 பாகை மடங்கும்போது சுமார் 85 சதவீதத்தைத் தாங்குகிறது. குத்துக்காலிட்டு உட்காரும்போது இதன் பின்பகுதிதான் அதிகம் நசுங்குகிறது என்பதை நினைவில் கொள்ளவும்.

ஏன் தானே ஆறுவதில்லை?

கையில் அரிவாள் பட்டால் பத்து நாளில் ஆறிவிடுகிறது. சவ்வுக் கிழிவு அவ்வாறு ஆறுவதில்லை. காரணம் இரத்த ஓட்டம். வாய்க்காலின் தலைமடைக்குத் தண்ணீர் பாய்ந்து கடைமடை காய்வதைப்போல, சவ்வின் வெளிவிளிம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பகுதிக்கே இரத்தம் பாய்கிறது. உட்பகுதிக்கு மூட்டில் ஊறும் நீரிலிருந்து கசியும் சத்தே ஆதாரம். எனவே வெளிவிளிம்பில் ஏற்படும் கிழிவு ஆறக்கூடும், தைத்தாலும் ஒட்டும். உட்பகுதியில் ஏற்படும் கிழிவு பெரும்பாலும் ஆறாது.

இரு சவ்வுகளில் உட்பக்கத்துச் சவ்வே அதிகமாகக் கிழிகிறது. வெளிப்பக்கத்துச் சவ்வு சற்று நகர்ந்து கொடுக்கும். உட்பக்கத்துச் சவ்வோ பக்கவாட்டு நாருடன் இறுகப் பிணைந்திருப்பதால் நகர முடியாமல் எலும்புகளுக்கிடையே அகப்பட்டுக்கொள்கிறது.

கிழிவு இரு வகை

1. திடீர்க் கிழிவு: பாதம் தரையில் ஊன்றியிருக்க, முழங்கால் மடங்கிய நிலையில் உடல் மட்டும் திரும்பும்போது ஏற்படுவது. கபடி, கால்பந்து, எருது விடும் விழாவில் காளைக்கு வழிவிட்டுத் திடீரென்று திரும்புதல், சேற்றில் புதைந்த காலைப் பிடுங்காமல் திரும்புதல், டிராக்டர் டிரெய்லரிலிருந்து குதித்தல், மோட்டார் சைக்கிள் சறுக்கல் ஆகியவை இதற்குக் காரணங்கள். இது பெரும்பாலும் இளவயதினருக்கு வருவது.

2. தேய்வுக் கிழிவு: பல ஆண்டுகள் நசுங்கி வலுவிழந்த சவ்வு, சிறு அசைவிலேயே பிரிந்துவிடுவது. பெரிய அடி எதுவும் பட்டிருக்காது. நாற்பதைக் கடந்தவர்களுக்கு வருவது பெரும்பாலும் இவ்வகையே.

யாருக்கு ஆபத்து அதிகம்?

குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் உழைப்பவர்களுக்குச் சவ்வு கெடும் என்பது புதிதாகக் கண்ட செய்தியன்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1883இல் தாமஸ் அன்னண்டேல் என்ற அறுவை மருத்துவர் கிழிந்த சவ்வை முதன்முதலாகத் தைத்தார். நோயாளி ஒரு சுரங்கத் தொழிலாளி. தாழ்ந்த சுரங்கங்களில் மண்டியிட்டு நிலக்கரி வெட்டியவர்களிடையே இது பரவலாகக் காணப்பட்டது. ஆகவே ஜெர்மனி 1952இல் சுரங்கத் தொழிலாளர்களின் சவ்வுச் சேதத்தைத் தொழில்வழி நோயாக ஏற்றுக்கொண்டது. 1988இல் மற்றத் தொழிலாளர்களுக்கும் விரிவாக்கியது. நிலக்கடலையில் களை எடுப்பவரும், கேழ்வரகு அறுப்பவரும், குத்துக்காலிட்டுப் பால் கறப்பவரும் சுரங்கத் தொழிலாளியைப் போலவே முழங்காலை மடக்கி உழைப்பவர்கள்தாம்.

ஆபத்தை அதிகரிக்கும் காரணங்கள் வருமாறு:

1. நெடுநேரம் குத்துக்காலிட்டோ மண்டியிட்டோ செய்யும் வேலை.
2. வயது. குறிப்பாக அறுபதைக் கடந்த நிலை.
3. மாடிப்படி, மேடு, ஏணி ஆகியவற்றில் அடிக்கடி ஏறி இறங்கும் வேலை.
4. உடற்பருமன். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று ஆய்வில் தெரியவந்துள்ளது.
5. சுமையோடு திரும்புதல். தக்காளிப் பெட்டியைத் தூக்கிய நிலையில் பாதத்தை நகர்த்தாமல் இடுப்பையும் முழங்காலையும் மட்டும் திருப்பி வண்டியில் ஏற்றுவது மிகவும் தவறான பழக்கமாகும்.
6. முன்பே மூட்டு நார் அறுந்து, கவனிக்காமல் விட்ட முழங்கால். நடுவில் குறுக்காகச் செல்லும் முன் நார் அறுந்தபின் ஓர் ஆண்டுக்குமேல் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் உட்பக்கச் சவ்வும் கிழியும் வாய்ப்பு மிகவும் அதிகம்.
7. வலுவிழந்த தொடைத் தசை.

பெண்கள் கவனிக்க வேண்டியது

களையெடுப்பு, நாற்று நடவு, பால் கறவை, அடுப்படி வேலை என்று வயலிலும் வீட்டிலும் தரையோடு இருந்து செய்யும் வேலைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. ஐம்பதை ஒட்டிய வயதுடைய பெண்களிடம் ஒரு தனிவிதக் கிழிவு காணப்படுகிறது. சவ்வின் இரு முனைகளும் வேர்போல் எலும்பில் ஊன்றியிருக்கும். பின்பக்கத்து வேர் அறுந்துவிடுவதே இது. படி இறங்கும்போதோ, தரையிலிருந்து எழும்போதோ முழங்காலின் பின்புறம் 'டக்' என்ற ஓசையும் கடும் வலியும் உண்டாகும். சில நாளில் வலி சற்றுத் தணியும். தணிந்துவிட்டது என்று விட்டுவிடுவதே ஆபத்து. முளை பிடுங்கிய கூடாரம் நிற்காததுபோல, வேர் அறுந்த சவ்வு பாரத்தைத் தாங்காமல் வெளியே பிதுங்கிவிடும். அதன்பின் சவ்வே இல்லாத முழங்கால்போல மூட்டு விரைவாகத் தேயும். இத்தகைய 'டக்' ஓசை கேட்டவர்கள் ஓரிரு வாரங்களுக்குள் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அறிகுறிகள்

1. மூட்டின் உட்பக்கமோ வெளிப்பக்கமோ, எலும்புகள் சந்திக்கும் கோட்டில் ஓரிடத்தில் தொட்டால் வலி.
2. அடிபட்ட சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வீக்கம். அடிபட்ட ஓரிரு மணிக்குள் மூட்டு பொம்மென்று வீங்கினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம், நாரும் அறுந்திருக்கலாம்.
3. குத்துக்காலிடும்போதும் திரும்பும்போதும் வலி.
4. நடக்கையில் உள்ளே ஏதோ சிக்குவதுபோன்ற உணர்வு, அல்லது கால் திடீரென்று மடிந்துவிடுதல்.
5. பூட்டு விழுதல். வாளியின் கைப்பிடிபோல் கிழிந்த சவ்வு மடங்கி மூட்டின் நடுவே அகப்பட்டுக்கொள்வதால் காலை முழுதாக நீட்ட முடியாது. இது கண்டால் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விளைவுகள்

ஒரு காலத்தில் சவ்வு பயனற்ற பொருள் என்று மருத்துவர்களே கருதினர். கிழிந்தால் முழுவதையும் எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர், சவ்வு எடுக்கப்பட்டவர்களின் முழங்கால் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து, மூட்டின் இடைவெளி குறுகுவதையும் எலும்பின் விளிம்பு வளர்வதையும் 1948இல் வெளியிட்டார். புஷ் இல்லாத அச்சு தேய்வது போன்றதே இது. சவ்வு முழுதும் போய்விட்டால் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு குறைந்து, அழுத்தம் இரு மடங்குக்கும் மேல் உயர்கிறது.

சவ்வோ முன் நாரோ கிழிந்தவர்களில் சராசரியாகப் பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் வலியுடன் கூடிய மூட்டுத் தேய்மானம் வருகிறது. அதாவது, இருபது வயதில் விளையாட்டில் கிழித்துக்கொண்ட இளைஞர், குடும்பப் பாரம் முழுவதும் தோளில் ஏறும் நாற்பது வயதுக்குள்ளாகவே முதியவரின் முழங்காலோடு நிற்க நேரலாம். கொல்லை வேலைக்குக் கூலி ஆள் வைக்க வேண்டிவரும். கறவை மாட்டை விற்க வேண்டிவரும். ஆலையில் நின்று பார்க்கும் வேலையும் இயலாமல் போகும். ஒரு காலைக் காப்பதற்காக மற்றக் காலில் பாரம் ஏற்றி நடப்பதால் அதுவும் இடுப்பும் வலிக்கத் தொடங்கும். தொடைத் தசை சூம்பிப்போகும். தசை சூம்பினால் மூட்டு மேலும் தளரும்.

உடனே செய்ய வேண்டியவை

அடிபட்டதும் வேலையை நிறுத்தவும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வைக்கவும். முழங்காலுக்கு மிதமான இறுக்கத்தில் துணிக்கட்டுப் போட்டு, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கவும்.

செய்யக் கூடாதவை: வீங்கிய மூட்டை அழுத்தி உருவிவிடுதல், பூட்டு விழுந்த காலைப் பலவந்தமாக இழுத்து நீட்டுதல், எலும்பு முறிவுக்குப் போடுவதுபோல் மூங்கில் தப்பை வைத்து வாரக்கணக்கில் கட்டிவைத்தல். கட்டினால் சவ்வு ஒட்டாது, தசைதான் சூம்பும். வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் தவறு. இவை குடலிலும் சிறுநீரகத்திலும் கேடு விளைவிக்கும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சிகிச்சை: இளவயதினருக்கு ஒன்று, ஐம்பதைக் கடந்தோருக்கு மற்றொன்று

இளவயதினருக்குத் திடீர்க் கிழிவு ஏற்பட்டால் சவ்வைக் காப்பாற்றுவதே முதல் நோக்கம். நுண்துளை வழியாகக் கருவியைச் செலுத்தித் தைக்க முடியுமானால் தைப்பார்கள். தைக்க முடியாத துண்டை மட்டும் நீக்குவார்கள். நாள் செல்லச் செல்லக் கிழிவு பெரிதாகித் தைக்கும் வாய்ப்பு குறையும். எனவே தாமதம் கூடாது. தைத்தபின் பல வாரங்கள் ஊன்றுகோல் தேவைப்படலாம். சில மாதங்கள் குத்துக்காலிடக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு வீட்டாருடன் கலந்து வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளவும். பூட்டு விழுந்த முழங்காலுக்கு மட்டும் 'மாங்காய் இறக்கிய பிறகு பார்க்கலாம்' என்ற பேச்சே கூடாது.

ஐம்பதைக் கடந்தோரின் தேய்வுக் கிழிவுக்கு அணுகுமுறை வேறு. அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் நகரில் 50 முதல் 90 வயதுவரையுள்ள 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியாயிற்று. அவர்களில் 35 சதவீதம் பேருக்குச் சவ்வுச் சேதம் இருந்தது. சேதம் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இல்லை! எனவே படத்தில் கிழிவு தெரிகிறது என்பதனாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. தலைநரைபோல வயதோடு வரும் மாறுதலாகவும் அது இருக்கலாம்.

பின்லாந்து மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட வியப்பானது. தேய்வுக் கிழிவு உள்ள, 35 முதல் 65 வயதுவரையுள்ள 146 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையாகவே சவ்வுத் துண்டை நீக்கினர். மற்றவர்களுக்கு அறுவை செய்வதுபோல் பாவனை மட்டும் செய்தனர். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்திருந்தனர். ஆகவே பூட்டு விழாத தேய்வுக் கிழிவுக்கு முதலில் தகுந்த உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் வேலைமுறை மாற்றமும்தான் சிகிச்சை. மூன்று மாதமாவது முறையாகச் செய்து பார்க்க வேண்டும். கடன் வாங்கியாவது உடனே அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று பதற வேண்டாம். மேலே சொன்ன வேர் அறுந்த கிழிவு மட்டும் இதற்கு விதிவிலக்கு; அதற்கு மருத்துவர் விரைவில் முடிவு செய்ய வேண்டும்.

குருபரப்பள்ளி வட்டாரத்தினர் அருகில் போலுப்பள்ளியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். அறுவை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டி, தம் சிகிச்சை அதில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறைப் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. இதைப் பற்றி ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் விசாரிக்கவும்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகள்

1. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடைத் தசையை இறுக்கவும். ஐந்து எண்ணும்வரை இறுக்கிப் பின் தளர்த்தவும்.
2. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிவைத்து, மற்றக் காலை நீட்டியபடியே ஓர் அடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணி இறக்கவும்.
3. வலி தணிந்தபின், கையை ஊன்றாமல் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழவும்.

ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாகக் காலையும் மாலையும் செய்யவும். பயிற்சியால் சிறு வலி வந்து அன்றே தணிந்தால் அஞ்ச வேண்டாம். வீக்கம் கண்டால் நிறுத்தி மருத்துவரைக் கேட்கவும்.

தடுப்பு முறைகள்

1. களையெடுப்பு: வரிசை விதைப்பு செய்த நிலக்கடலை, கேழ்வரகுக் கொல்லைகளில் நீண்ட கைப்பிடி கொண்ட களைக் கருவியை நின்றபடி ஓட்டலாம். நெல் வயலில் கோனோ களைக் கருவி உண்டு. செடியை ஒட்டிய களைக்கு மட்டும் களைக்கொத்து எடுக்கவும்.
2. உட்கார்ந்தே செய்ய வேண்டிய வேலையானால் சிறு மணையோ முக்காலியோ போட்டு உட்காரவும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடக்கவும்.
3. பால் கறவை: ஓர் அடி உயர முக்காலியில் அமர்ந்து கறக்கவும்.
4. சுமை: தக்காளிப் பெட்டியையும் மாங்காய்க் கூடையையும் இருவராகத் தூக்கவும். திரும்பும்போது முதலில் பாதம் திரும்பட்டும். பிறகு உடல் திரும்பட்டும்.
5. டிரெய்லரிலிருந்தும் மரத்திலிருந்தும் குதிக்க வேண்டாம். டிரெய்லரில் ஏறி இறங்க ஒரு மரப்படி செய்து வைத்துக்கொள்ளவும். மா மரத்தை அறுவடைக்குப்பின் கவாத்து செய்து தாழ வளர்த்தால் ஏற வேண்டிய அவசியமே குறையும்.
6. சேற்றில் கால் புதைந்தால் முதலில் காலை எடுக்கவும், அப்புறம் திரும்பவும்.
7. விளையாட்டுக்கு முன் பத்து நிமிடம் ஓடியும் காலை நீட்டி மடக்கியும் உடலைத் தயார் செய்யவும். ஒருமுறை வீங்கிய முழங்காலோடு மருத்துவர் அனுமதியின்றிக் களத்தில் இறங்கக் கூடாது.
8. முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டில் உயரமான கழிப்பிட இருக்கையைப் பயன்படுத்தவும். அடுப்பை மேடையில் அமைத்தால் பெண்கள் குத்துக்காலிடும் நேரம் குறையும்.

முக்காலிக்கும் மரப்படிக்கும் ஆகும் செலவு சில நூறு ரூபாய். வரிசை விதைப்புக்கும் நீண்ட பிடிக் கருவிக்கும் மாறினால் களையெடுப்புக் கூலியும் குறைகிறது, முழங்காலும் பிழைக்கிறது. அடுத்த பருவத்துக்கு விதை, உரம் என்று கணக்குப் போடும்போது இவற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது உட்கார்ந்து எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார்களா என்று இன்றே பாருங்கள். இளைஞரின் முழங்கால் அடிபட்டு வீங்கினால் நாள் கடத்தாதீர்கள். முதியவரின் முழங்கால் வலித்தால் கத்திக்கு அவசரப்படாதீர்கள். சவ்வு ஒருமுறை போனால் மறுபடி முளைக்காது. இருக்கும்போதே காப்பதுதான் அறிவுடைமை.